படகைக் கேட்கிறீர்கள், ஆளையும் கேளுங்கள்: மீனவர் சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் கரைகளின் மீனவர் சங்கத் தலைவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. அப்பா, அண்ணன், வீட்டுக்காரர் எல்லாருக்கும் கடல் தொழில்தான். நீங்கள் கூப்பிட்ட போராட்டங்களுக்கு வந்து வெயிலில் உட்கார்ந்தவள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் ஆனதில் உங்கள் அலைச்சல் எவ்வளவு என்று தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இலங்கை நேவி நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்ததுமே மனு தயாராகிவிடுகிறது. எத்தனை படகு, எத்தனை பேர், எந்தக் கோர்ட், எப்போது வாய்தா என்று எல்லாம் உங்கள் விரல் நுனியில் இருக்கும். ஆட்கள் விடுதலையாகி, கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்து, மீன்வளத்துறை வண்டியில் ஊர் சேர்ந்த மறுநாளே பேச்சு படகுக்குப் போய்விடுகிறது. அரசுடைமை ஆக்கிவிட்டார்களா, மீட்க வழி உண்டா, நஷ்டஈடு என்ன? படகு பெரிய முதல், மறுக்கவில்லை. ஆனால் வந்து இறங்கியவனிடம் "ராத்திரி தூக்கம் வருதாப்பா?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் சித்தப்பா மகன் மாதக்கணக்கில் அங்கே சிறையில் இருந்துவிட்டு வந்தான். இப்போது கதவைச் சாத்தினால் வீட்டுக்குள் படுக்கமாட்டான், திண்ணையில்தான் படுக்கை. இரவில் தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். பகலில் வலை தைக்க உட்கார்ந்தால், போட்ட முடிச்சையே அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். சித்தி கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பான். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "ஆம்பளப் பிள்ளைக்கு என்னடா, ரெண்டு பாடு கடலுக்குப் போனாச் சரியாயிரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கூட்டாளிகள் சொன்ன மருந்து டாஸ்மாக்கில் கிடைப்பது.

2024 செப்டம்பரில் அபராதம் கட்ட முடியாத நம் ஆட்கள் சிலரை அங்கே மொட்டையடித்து அனுப்பினார்கள். கரையே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். அந்த அவமானத்தோடு வீட்டுக்குள் போனவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் முகத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று மட்டும் எந்த மேடையிலும் பேச்சு வரவில்லை.

சிறை ஒரு பக்கம். முதலாளியிடம் வாங்கிய முன்பணம், டீசல் விலை, புயல் எச்சரிக்கை, படிப்பை விட்டுவிட்டுக் கடலேறும் பையன்கள் என்று இன்னும் இருக்கிறது. 2022இல் நாட்டில் தற்கொலையில் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் 1,22,724 பேர் ஆண்கள். அழுவதற்கும் வாய்விட்டுச் சொல்வதற்கும் நாம் இடமே கொடுக்காதது அந்த ஆண்களுக்குத்தான்.

ஏன் டாக்டரிடம் போவதில்லை என்று கேட்டால், இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் பதில் தெரியும். மனசு சரியில்லை என்று ஒருவன் சொன்னால் "ஏர்வாடிக்குக் கொண்டு போங்கடா" என்று சிரிக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். அந்தப் பயம் நமக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆனால் அதே ஏர்வாடி தர்காவில் வேண்டுதலோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் 'தவா துவா' ஏற்பாடு வந்துவிட்டது. மாறியது அந்த இடம், மாறாதது நம் பேச்சு.

இன்னொரு பயம் போலீஸ் கேஸ். உயிரை விட முயன்றவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே தயங்கும் வீடுகள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை. இதை உங்கள் வாயால் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லுங்கள். நான் சொன்னால் பொம்பளை பேச்சு, நீங்கள் சொன்னால் சங்கத்து முடிவு.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஆட்களும் கரையில்தான். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் அந்த நாட்களில் ஜெட்டிக்கே வரட்டும் என்று கலெக்டரிடம் கேளுங்கள். தனிக் கூடாரம், பெயர்ப்பலகை எல்லாம் வேண்டாம், வெட்கப்பட்டு எவனும் வரமாட்டான். பிரஷர், சுகர் பார்க்கும் முகாமோடு சேர்த்தே இதையும் பார்க்கட்டும். விடுதலையாகி வருகிறவர்களுக்குப் படகு மனுவோடு, முதல் வாரத்திலேயே ஒரு மனநல டாக்டரைப் பார்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம், கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் இடத்துச் சுவரில் 14416 என்று பெரிதாக எழுதிவையுங்கள். அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை எண் அது. இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெயிண்ட் செலவை எங்கள் மகளிர் குழு ஏற்கும்.

அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு நீங்கள் கொண்டுபோகும் மனுவில் இந்த மூன்றையும் சேர்த்தால், கையெழுத்துப் போட எங்கள் தெருப் பெண்கள் தயாராக இருக்கிறோம். சேர்க்காவிட்டால் நாங்களே தனி மனுவோடு வருவோம்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பெண்