மோட்டாரை நிறுத்திவைத்த ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போடும் நாளுக்கு) முதல் நாள் சாயங்காலமே, நான் வீட்டு இருட்டறையில் நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்ட படங்கள் எல்லாம் முகப்புச் சுவரில் ஏறிவிட்டன. கடைசிப் பிரிண்ட் காய்ந்தும் காயாமலும்தான் சட்டத்துக்குள் போனது. நெகட்டிவைத் தாளில் பெரிதாக விழவைக்கும் என்லார்ஜர் விளக்கை நொடிக் கணக்கில் எரியவைக்க, கடைசி நேரத்தில் ஏன் டைமர் கட்ட வேண்டி வந்தது, இடையில் எத்தனை பேர் நம்பிக்கை இழந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன். விரலில் இன்னும் ஹைப்போ (பிரிண்டை நிலைநிறுத்தும் கரைசல்) வாடை அடிக்கிறது. அது போவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

555 என்ற டைமர் ஐசியில் கட்டினால் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரை நம்பித்தான் நொடி எண்ண வேண்டும், சூட்டுக்கு அது மாறும் என்று சொல்லி, புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டான ஆர்டுயினோவைக் கையில் கொடுத்த காரைக்குடிக் கடைக்கார அண்ணனுக்கு நன்றி. 8, 11.3, 16, 22.6 நொடி என்று அரை அரை ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) ஏறும்படி புரோகிராம் எழுதிய கல்லூரித் தம்பிக்கும், விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலே விடும்போதெல்லாம் டைமர் ரீசெட் ஆன தொல்லையைக் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போடச் சொல்லித் தீர்த்தவருக்கும், வெளிச்சம் பட்டுப் பிரிண்ட் தாள் புகையடிக்காமல் (கறுக்காமல்) இருக்க சிவப்பு எல்இடி டிஸ்ப்ளே தேடித் தந்தவருக்கும், பழைய பர்மா தேக்குத் துண்டில் பெட்டி செய்த ஆசாரிக்கும் நன்றி. (உள்ளே இருக்கும் சாமானுக்கு அந்தப் பெட்டி ரொம்பவே அதிகம்.)

இத்தனைக்கும் பிறகு பிரிண்ட் ஒத்துவரவில்லை. அதே நெகட்டிவ், அதே தாள், அதே 16 நொடி. பகலில் போட்டால் வேட்டி மடிப்பு வரை தெளிவாக விழுகிறது. சாயங்காலம் போட்டால் முகம் வெளிறிப்போகிறது. ரிலேயை மாற்றினோம், பவர் சப்ளையை மாற்றினோம், டெவலப்பரைப் புதிதாகக் கலக்கினோம். ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தால் டைமர் நொடி பிசகாமல் எண்ணுகிறது.

பக்கத்து வீட்டு ஆச்சி ஏணி கேட்டு வந்தார்கள். இரண்டாங்கட்டுக் கொடியில் தொங்கிய பிரிண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இந்த வெளுத்ததெல்லாம் ராத்திரி ஏழு மணிக்கா தம்பி போட்ட?”

“ஆமாம் ஆச்சி.”

“அப்பத்தானே நான் மோட்டார் போடுவேன். போட்டதும் உங்க முகப்பு லைட்டு மங்குமே. நான் தினம் பாக்குறேன்.”

என்லார்ஜரில் இருக்கும் டங்ஸ்டன் இழை பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினாலே வெளிச்சம் 30 சதவீதம் போல் விழுந்துவிடும். கிட்டத்தட்ட அரை ஸ்டாப். வெளிச்சம் மஞ்சளாகவும் திரும்பும். டைமர் பாவம், நொடியைத்தான் எண்ணும். எங்கள் தெருக் கடைசிக்கு வரும் லைனில் ஒரு மோட்டார் கிளம்பினால் என்னாகும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? இதை ஆச்சிக்கு விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. விடியற்காலையில் எழுந்து தொட்டி நிரப்புகிறார்கள் என்பதைப் பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முழங்கால் வலியோடு அந்த நேரத்தில் எழுந்து, பின்கட்டு இருட்டில் நடந்துபோய் சுவிட்ச் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் மாவு ஆட்டுவதையும் மத்தியானத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார்களாம். நான் எதையும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லிக்காட்டவில்லை. பொழுது சாய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “எல்லாம் முடிஞ்சிருச்சு தம்பி, இனி நீ பாரு” என்று ஒரு குரல் மட்டும் வரும். பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு சிவப்பு விளக்கைப் போடுவேன்.

படைப்பன்று வந்தவர்கள் டைமரைத்தான் பார்த்துப் பாராட்டினார்கள். ஆச்சி பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வேலையை முடிவு செய்துவிட்டேன். என்லார்ஜர் விளக்கடியில் ஒரு லைட் சென்சர் வைத்து, நொடிக்குப் பதிலாக வெளிச்சத்தையே கூட்டிக் கணக்குப் பார்க்கும்படி டைமரை மாற்றப் போகிறேன். வெளிச்சம் மங்கினால் அதுவே நேரத்தை நீட்டிக்கொள்ளும். தாள் மேல் விழும் மஞ்சளை அது சரிசெய்யாது, அதற்கு ஸ்டெபிலைசர்தான் வழி. அதையும் இந்த மாதமே வாங்கிவிடுவேன். சர்க்யூட் வேண்டுமென்பவர்கள் கேளுங்கள், வரைந்து தருகிறேன்.

ஆச்சி, நீங்கள் இன்றிலிருந்து ஏழு மணிக்கே மோட்டார் போடுங்கள். ஸ்டெபிலைசர் வரும்வரை நான் பகலிலேயே பிரிண்ட் போட்டுக்கொள்கிறேன்.