சிபாரிசு இல்லாத பையனும் தேர்வு எழுதட்டும்

பிரிட்டிஷ் கடற்படையை நடத்தும் அட்மிரால்டியின் பிரபுக்களுக்கும் அதன் தலைவரான முதல் பிரபு ஜார்ஜ் வார்டு ஹன்ட் அவர்களுக்கும், இங்கிலாந்தின் டெவனிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் 1875-இல் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரிய ஐயாமார்களே,

பிரிட்டானியா பயிற்சிக் கப்பலுக்கு கேடட்களை, அதாவது கடற்படை அதிகாரியாகப் பயிலும் பையன்களை, எடுக்கும் போட்டித் தேர்வை நிறுத்திவிட்டீர்கள். இனி நியமனம், அதாவது தேர்வு எழுத மேலிடத்துச் சிபாரிசு, பெற்ற பையன் தேறினாலே போதும், யாரையும் முந்த வேண்டியதில்லை. செய்தி தெரிந்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

1870-இல் அன்றைய முதல் பிரபு சில்டர்ஸ் கொண்டுவந்ததே அரைப் போட்டிதான். இருக்கும் இடங்களைப் போல இரு மடங்கு பையன்களுக்கு நியமனம் கொடுத்து, அவர்களுக்குள் மட்டும் தேர்வு. அதை எல்லாருக்கும் திறந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் இருந்ததையும் எடுத்துவிட்டீர்கள்.

நியமனம் யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது கிடைக்காத வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பையன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் யூக்ளிடின் வடிவியல் தேற்றத்தை நெட்டுருப் போடாமல் புரிந்து படிக்கிறான். லத்தீனும் வருகிறது, கணக்கில் புலி. கடல் பெட்டிக்கும் உடுப்புக்கும் வேண்டிய பணத்தை அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். புதிதாகக் கப்பல் பொறுப்பேற்கும் கேப்டனுக்கு ஒரு பையனை நியமிக்கும் உரிமை உண்டு என்று கேள்விப்பட்டு, முன்பின் அறியாத கேப்டன்களுக்கெல்லாம் அப்பா கடிதம் எழுதுகிறார். சிலர் மரியாதையாக மறுக்கிறார்கள், பலரிடமிருந்து பதிலே இல்லை. அதற்குள் பையனுக்கு வயது தாண்டிவிடுகிறது. பதின்மூன்று வயதில் அவனுக்குக் கடற்படை அதிகாரி ஆகும் வழி அடைபட்டுப்போகிறது. தேர்வில் தோற்றிருந்தால் அவனே ஒத்துக்கொண்டிருப்பான். அவனைத் தேர்வு அறைக்குள்ளேயே யாரும் விடவில்லையே!

நான் கேட்பது ஒன்றுதான்: சிபாரிசு இல்லாத பையனையும் தேர்வு எழுத விடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டித் தேர்வு உடம்பைக் கெடுக்கிறது என்கிறீர்கள். சரி, அதில் உண்மை உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தேர்வுக்கென்றே பிழிந்தெடுக்கும் பள்ளிகளை எனக்கும் பிடிக்காது. அப்படியானால் சேரும் வயதை உயர்த்துங்கள், பாடத்தைக் குறையுங்கள். அதற்காகப் போட்டியை ஏன் ஒழிக்க வேண்டும்?

நம் கடற்படையின் பெரும் தளபதி நெல்சன் போட்டித் தேர்வா எழுதினார் என்று கேட்பவர்களும் உண்டு. இல்லைதான். பன்னிரண்டு வயதில் அவரைக் கப்பலில் சேர்த்துக்கொள்ள கேப்டன் சக்லிங் என்ற தாய்மாமன் இருந்தார். அப்படி ஒரு மாமன் இல்லாத நெல்சன்கள் எங்கே போனார்கள்? பண்ணைக் கூலியின் மகன் ஜேம்ஸ் குக் நிலக்கரிக் கப்பலில் வேலை கற்று, கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து மேலே வந்தார். அவர் வரைந்த கடல் வரைபடங்களை நம்பித்தானே உங்கள் கப்பல்கள் போயின?

இந்தியாவை ஆளப் போகிறவர்களை 1855-இலிருந்தே போட்டித் தேர்வில் எடுக்கிறார்கள். இங்கே அரசு அலுவலகங்களுக்கு 1870-இல் அந்த முறை வந்தது. அடுத்த ஆண்டே ராணுவத்தில் பதவியை விலைக்கு வாங்குவதை ஒழித்தார்கள். ஒரு குமாஸ்தாவைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் நியாயத்தை, நூற்றுக்கணக்கான உயிர்களுக்குப் பொறுப்பேற்கப் போகும் அதிகாரி விஷயத்தில் காட்ட முடியாதா? 1870-இல் 'கேப்டன்' என்ற போர்க்கப்பல் கவிழ்ந்து கிட்டத்தட்ட 500 பேர் இறந்தார்கள். அதில் சில்டர்ஸின் சொந்த மகனும் போனான். யார் வீட்டுப் பிள்ளை என்று கடல் பார்க்கவில்லை, ஐயா.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்வின் நாளையும் பாடங்களையும் நாளிதழ்களில் அறிவியுங்கள். வயதும் உடல்நலமும் நன்னடத்தைச் சான்றும் உள்ள எந்தப் பையனும், யாருடைய கையெழுத்தும் இல்லாமல், வந்து எழுதலாம் என்று அதில் ஒரு வரி சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெவன் பள்ளி ஆசிரியர் ஒருவர்