ஈர ஷூவும் பழைய பேப்பரும்: ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சென்னை மாரத்தானில் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்துவிட்டேன். தொடை வலி இன்னும் போகவில்லை, படி இறங்கக் கைப்பிடி வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவும் வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று தானே எழுந்து போய் காபி கலந்து குடித்தார். டிசம்பரில் வீட்டிலும் ஆபீஸிலும் என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேர் கூடவே நின்றவர்கள். அதை மறுபடி எழுதப்போவதில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

"வேலையும் பார்த்துக்கொண்டு இதற்கு எப்படி நேரம் கிடைக்கிறது?" என்று கேட்டவர்கள் நிறைய. எனக்கு நேரம் கிடைக்கவில்லை, பலர் தங்கள் நேரத்தை எனக்குக் கொடுத்தார்கள். ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவர்களுக்கு மாதம் என்பதே இரண்டு தேதிதான்: 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 (அந்த மாத விற்பனை விவரம்), 20-ம் தேதி 3பி (வரி கட்டித் தாக்கல் செய்யும் மாதக் கணக்கு). செப்டம்பர், அக்டோபரில் டாக்ஸ் ஆடிட்டும் சேர்ந்துகொள்ளும். ஜனவரியில் ஓட வேண்டுமென்றால் நீண்ட தூரப் பயிற்சி நவம்பர், டிசம்பரில் வந்தாக வேண்டும். சென்னையில் அதுதான் அடைமழைக் காலம். ஞாயிறு காலை 30 கிலோமீட்டர் ஓடிவிட்டுத் திங்கள் முழுக்க ரீகன்சிலியேஷன் (இரண்டு கணக்கை ஒத்துப்பார்ப்பது) பார்ப்பதுகூடப் பழகிவிட்டது. வார நாள் ஓட்டத்துக்குத்தான் வழி தெரியவில்லை. அதனால் திருவான்மியூரில் இருந்து தி.நகர் ஆபீஸுக்கே காலையில் ஓடி வர ஆரம்பித்தேன். எல்.பி. ரோடு, அடையாறு, கோட்டூர்புரம் பாலம், நந்தனம். மாற்றுத்துணி முதல் நாளே ஆபீஸ் அலமாரியில் இருக்கும். எல்லாம் சரி, ஷூ மட்டும் தினமும் நனைந்துவிடும்.

இங்கேதான் எங்கள் ஆபீஸ் மாடியைச் சுத்தம் செய்கிற அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

முதல் மழை நாளில் ஷூவைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். சாயங்காலம் குனிந்து பார்த்தால் காணோம். பேன்ட்ரியில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால், சூடு வருகிற இடத்தில், இரண்டும் சுவரில் சாய்ந்து நின்றன. லேஸை முழுவதும் உருவி, உள்ளே இருக்கும் இன்சோலைத் தனியே எடுத்து ஜன்னல் கம்பியில் செருகியிருந்தார். ஷூவின் நுனி வரைக்கும் பழைய நியூஸ்பேப்பரை உருண்டை உருண்டையாகத் திணித்திருந்தார். மத்தியானம் ஒரு தடவை பேப்பரை மாற்றினாராம். "முதல் பேப்பர் தண்ணிய குடிச்சிடும்மா, ரெண்டாவதுதான் காய வைக்கும்" என்றார். அவர் பையனுக்குப் பள்ளிக்கூட ஷூ ஒரே ஜோடிதான் இருந்ததாம். அப்போது பழகிய வேலை.

ஓடாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மழைக்காலத்தில் நனைந்த ஷூ வீட்டில் இரண்டு நாள் கிடந்தாலும் காயாது. ஈர ஷூவில் ஓடினால் பாதம் ஊறிக் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் அந்த வாரப் பயிற்சி போச்சு. இன்னொரு ஜோடி வாங்கும் நிலையில் இந்த வருஷம் நான் இல்லை, காரணமும் உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து மழை பெய்த ஒவ்வொரு நாளும், நான் கேட்காமலே, அக்கா அதைச் செய்தார். ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் அலைந்த அந்த வாரத்தில் ஓடுவதையே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போதும் ஷூ காய்ந்து, லேஸ் கோத்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. "அம்மா தூங்கற நேரம் ஒரு சுத்து ஓடிட்டு வாம்மா, மனசு லேசாகும்" என்றார். மறுநாள் விடியற்காலையில் ஓடினேன். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் அந்த வாரத்தை எப்படிக் கடந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

மற்றவர்களையெல்லாம் சேர்த்தே சொல்கிறேன், தனித்தனியாக எழுதினால் முடியாது. விடியலில் எழுந்து பையனுக்கு டிபன் கட்டிப் பள்ளிக்கு அனுப்பிய என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் ராத்திரி என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு அம்மாவோடு இருந்த அத்தை. 2பி-யை, அதாவது விற்றவர்கள் ஜி.எஸ்.டி.யில் காட்டிய பில் பட்டியலை, வாங்கின கணக்கோடு ஒத்துப்பார்க்கும் வேலையை என்னிடம் சொல்லாமலே முடித்து வைத்த ஆர்ட்டிகிள் பிள்ளைகள் (சி.ஏ. படித்துக்கொண்டே எங்களிடம் பயிற்சி எடுப்பவர்கள்). நான் வேகம் குறைந்தால் தானும் குறைத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை ஓட்ட நண்பர்கள். அப்புறம், ஞாயிறன்று இருட்டில் இருந்தே ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டிகளை நிறுத்திய போக்குவரத்துக் காவலர்கள், தண்ணீர் நீட்டிய கல்லூரிப் பிள்ளைகள். உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது ஏறக்குறையத் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு கால் நம் பேச்சைக் கேட்காது. எனக்கும் அப்படித்தான் ஆனது. அங்கே உப்பு தொட்ட எலுமிச்சைத் துண்டை என் கையில் வைத்து, "அக்கா, நடங்க, நின்னுடாதீங்க" என்று கொஞ்ச தூரம் கூடவே வந்த பெண் யாரென்றே தெரியவில்லை. நல்லா இரும்மா.

டிசம்பரில் ஒரு நாள் காலை அக்கா வேலைக்கு வரும்போது லிஃப்டுக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். இரண்டு பஸ் மாறி வருகிறவர். புடவை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது, செருப்பில் இருந்து தண்ணீர் வழிந்தது. பாத்ரூம் ஓரமாக நின்று பிழிந்துவிட்டு அதே புடவையோடு துடைப்பத்தை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் என் ஷூவுக்குப் பேப்பர் எடுக்க வந்தார். அந்தக் காட்சி ஓட்டம் முழுக்க என் கூடவே வந்தது. பெரிய பெரிய கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கிற ஆபீஸ் இது. அதைச் சுத்தமாக வைத்திருக்கும் பெண்களுக்குத் துணி மாற்றிக்கொள்ள ஒரு மூலை இல்லை. இது சரியில்லை.

பார்ட்னர்களிடம் பேசிவிட்டேன். ஸ்டேஷனரி அறையில் பாதியைத் தடுத்து, உள்ளே தாழ்ப்பாள், ஃபேன், கொடி, ஆளுக்கு ஒரு பூட்டுள்ள அலமாரி. சம்மதித்துவிட்டார்கள். பொங்கல் லீவு முடிந்ததும் கார்பென்டர் வருகிறார். அடுத்த மழைக்கு முன்னால் அது தயாராக இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. அக்கா, அலமாரி எந்த உயரத்தில் வேண்டும் என்று நீங்களே வந்து சொல்லுங்கள்.

ஆர்ட்டிகிள் பிள்ளைகளில் இரண்டு பேர் அடுத்த ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓட ஆசைப்படுகிறார்கள். 11-ம் தேதி வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் ஓடிவிட்டு மெதுவாக வாருங்கள்.