இலைக்கு இரண்டு வட்டம் போதும்

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது.

நாட்டு மருந்துக் கடை லோகோவின் ஸ்கிரீன்ஷாட் வந்தது. லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் இலையை பென் டூலில் இழுத்திருக்கிறாய். ஓரமெல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி நோடு, கோட்டை வளைக்கும் புள்ளிகள். திரையில் உறுத்தாது. வினைல் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் மெஷினில் கத்தி தயங்கித் தயங்கிப் போகும், ஓரம் நெளியும்.

கோரல் டிரா மென்பொருளில் எஃப்7 அழுத்தி, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இழு, சரியான வட்டம் வரும். நம்பர் பேடில் பிளஸ் தட்டினால் அதன் மேலேயே இன்னொன்று. அதைப் பக்கவாட்டில் நகர்த்தி, இரண்டையும் தேர்ந்தெடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படும் இடத்தை மட்டும் எடுக்கும் இன்டர்செக்ட் கொடு. நடுவில் கிடைப்பதுதான் இலை. இரண்டு பக்கமும் ஒரே வளைவு, நோடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதே வட்டங்களில், ஒன்றால் இன்னொன்றை வெட்டும் டிரிம் கொடுத்தால் பிறை. டிரிம்மில் வெட்டும் வட்டத்தை முதலில் தொடு, வெட்டுப்பட வேண்டியதைக் கடைசியில். மாற்றித் தொட்டால் பிறை எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

காம்புக்கு ஒல்லியாக ஒரு செவ்வகம், எஃப்6. இலையின் மேல் சும்மா வைத்துவிடாதே, வெல்டு பண்ணி இரண்டையும் ஒரே உருவமாக்கு. ஒரே நிறம் என்பதால் கண்ணுக்கு ஒட்டியதுபோலத் தெரியும், பிளாட்டருக்கு நிறம் தெரியாதே. இரண்டின் ஓரக்கோட்டையும் தனித்தனியாக வெட்டும், உரிக்கும்போது காம்பு கழன்று வரும்.

வெல்டு பண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து ஓரமாக வை. "மூலையை இன்னும் கொஞ்சம் உருட்டுங்க" என்று கேட்காத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. செவ்வகம் செவ்வகமாகவே இருந்தால் மூலையைப் பிடித்து ஒரு இழுப்பு, முடிந்தது. கன்ட்ரோல் கியூ கொடுத்து கர்வ், அதாவது வெறும் கோடு, ஆக்கிவிட்டால் அந்த வசதி போச்சு, மறுபடி வரைய வேண்டியதுதான். கர்வ் எல்லாம் வெளியே அனுப்பும் பிரதியில் மட்டும் போதும்.

அப்புறம் அவுட்லைன், அதாவது பார்டர் கோடு. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று சின்னதாக வரைந்து பெரிதாக்கினால் படம் வளரும், பார்டர் மட்டும் நூல் மாதிரி அப்படியே நிற்கும். எஃப்12 அழுத்தினால் வரும் அவுட்லைன் பெட்டியில், பொருளோடு சேர்ந்து வளர்வதற்கான டிக்கைப் போட்டுக்கொள்.

திருத்தியதும் ஃபைலாகவே அனுப்பு. என்னிடம் இருப்பது பழைய கோரல், உன்னுடையது திறக்காது. சேமிக்கும்போது வெர்ஷனைக் குறைத்துவிடு.

அன்புடன்,
அம்மா