அந்த நெலம் வேணாம் கண்ணு

கண்ணு, நீ கோஸ்டாரிக்காவுல இருந்து அனுப்புன பணம் வந்து சேந்துச்சு. ஆனா நீ சொன்னபடி இங்க நிகரகுவாவுல பொனான்சா ஊர்ப் பக்கம் இருபது மன்சானா (முப்பத்தஞ்சு ஏக்கர் போல) நெலம் நான் வாங்கல, வாங்கவும் மாட்டேன், கோவப்படாம முழுசா படிடா.

புரோக்கர் ஒரு பத்திரம் காட்டுனாரு, வக்கீல் சீல் கையெழுத்து எல்லாம் இருக்கு, எல்லைன்னு பாத்தா "ஓடை வரைக்கும்"னு ஒரே வரி. நம்ம ஊரு சியூனாவுல விசாரிச்சா ஓடைக்கு ரெண்டு பக்கமும் மயாங்னா பழங்குடி ஜனங்களோட பொது நெலமாம். 2003-ல வந்த 445-ஆம் நம்பர் சட்டப்படி அத யாரும் விக்கவே முடியாது. பட்டா இல்லாம உள்ள இருந்தா நஷ்டஈடு கூட இல்லாம வெளியேறணும், இல்லன்னா அந்த ஜனங்களுக்கு வாடகை கட்டணும். 2020 ஜனவரில மயாங்னாக்காரங்களோட அலால் கிராமத்துல வீடுங்கள எரிச்சாங்களே, ஆள் செத்தாங்களே, எல்லாம் இந்த மாதிரி நெலத்துக்காகத்தான். சந்தையில எம்பக்கத்துல வாழக்கா போட்டு விக்கிற மயாங்னா அம்மா அன்னிக்கு ஒரு வார்த்த பேசல, காய அடுக்குறதும் கலைக்கிறதுமா இருந்தாங்க. அவங்க மூஞ்சில நான் எப்டிடா முழிப்பேன்?

"கடற்கரை வட்டாரத்துக்குக் குடுத்த சுயாட்சி எல்லாம் மிஸ்கிட்டோ பழங்குடிக்கும் கிரியோல் கறுப்பினத்தாருக்கும்தான், கலப்பினமான நம்ம மெஸ்டிசோக்கு என்னம்மா இருக்கு"ன்னு போன்ல கேட்ட. நம்ம தெருவுல பாதிப்பேர் இதான் சொல்றாங்க, நானும் சொன்னவதான். உங்க தாத்தா மத்தகால்பாவுல இருந்து மாட்ட ஓட்டிக்கிட்டு நெலம் தேடி வந்தவரு, நமக்கு கவர்மெண்ட்னா நாட்டுத் தலைநகரம் மனாகுவாதான், 1987-ல சுயாட்சிச் சட்டம் வந்தப்ப அது வட்டாரத் தலைநகரம் பில்வி பக்கத்துக் கடற்கரைக்காரங்க சமாச்சாரம்னு விட்டுட்டோம். ஆனா அந்தச் சட்டத்துலயே மெஸ்டிசோவும் இந்த மண்ணு ஜனம்னுதான் இருக்கு, 45 பேர் வட்டாரக் கவுன்சிலுக்கு 1990-ல இருந்து நாமளும் ஓட்டு போடுறோம், உங்கக்கா மனாகுவா போகாம இங்க சியூனாவுலயே காலேஜ் படிச்சாளே, அதுவும் சுயாட்சியால வந்த காலேஜ்தான். பில்விக்கு ஒரு வேலைன்னு போனா ரோட்டுலயே நாள் போயிடுது, நம்ம குறைய கேக்க ஆளில்ல, அந்த வருத்தம் எனக்கும் இருக்கு. அதுக்காக அவங்க நெலத்துல போயி வேலி போடுறதா?

பணம் அப்டியே இருக்கு. வீட்டுக்குப் பின்னால தாத்தாவோட மூணு மன்சானா பட்டாவோட சும்மாதான் கெடக்கு, கோக்கோ வெக்கலாம்னு தோணுது. மழைக்கு முன்னாடி கன்னு வாங்கணும், ஞாயித்துக்கெழம போன் பண்ணி சரின்னு சொல்லு.

அம்மா