ஒருநாள் பேருந்துச் சுற்றுலா நடத்துபவர்களுக்கு: இடங்களைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள்

வணக்கம்.

பழங்கால இடங்களைப் பார்க்கக் குடும்பங்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், இரவில் பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிற உங்கள் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். எந்த ஒரு நிறுவனத்தையும் மனதில் வைத்து எழுதவில்லை. சொந்த வண்டி இல்லாத வீடுகளுக்கும், தாத்தா பாட்டியையும் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்தே கூட்டிப் போக நினைப்பவர்களுக்கும் உங்கள் பேருந்துதான் வழி. அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன். ஒரே நாளில் மூன்று நான்கு இடங்களைத் திணிக்காதீர்கள். ஒரு பெரிய இடம், முடிந்தால் பக்கத்திலேயே ஒரு சின்ன இடம். ஒரு நாளுக்கு அது போதும்.

லண்டனிலிருந்து கிளம்பும் பயணங்களில் வின்ட்சர் கோட்டை, பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச், பாத் நகரம் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் பயணம் மிகவும் பிரபலம். கெய்ரோவில் கீசா பிரமிடுகளோடு பழங்காலக் கல்லறைகள் உள்ள சக்காராவையும் பழைய தலைநகரான மெம்ஃபிஸையும் சேர்த்துவிடுகிறார்கள். படங்களை வரிசையாகப் போட்டால் விளம்பரம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டோன்ஹெஞ்சில் பேருந்து கற்களுக்குப் பக்கத்தில் போய் நிற்பதில்லை. 2013இல் திறந்த பார்வையாளர் மையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து கற்கள் சுமார் 2.4 கிலோமீட்டர். கழிப்பறைக்கு வரிசை, இணைப்பு வண்டிக்கு வரிசை, திரும்பி வர மறுபடியும் வரிசை. நீங்கள் தருகிற நேரத்தில் இதெல்லாம் போக மிச்சம் என்ன? அங்குள்ள சிறிய கற்கள் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, வேல்ஸின் மலைகளிலிருந்து வந்தவை. அதைக் கேட்டதும் எந்தக் குழந்தையும் "எப்படித் தூக்கிட்டு வந்தாங்க?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே கற்களைச் சுற்றி ஒருமுறை நிதானமாக நடக்கத்தானே அவ்வளவு தூரம் வருகிறோம்?

இத்தாலியில் இருக்கும் பொம்பெயியை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்ததில் புதைந்த ரோமானிய ஊர். பரப்பளவு சுமார் 66 ஹெக்டேர். 1748இல் தோண்டத் தொடங்கினார்கள், இன்னும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள்தான் இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்குப் பிடித்தவை மன்றமும் கோயில்களும் இல்லை. தெருவின் குறுக்கே கால் நனையாமல் கடக்கப் போட்ட பெரிய கற்கள், அந்தக் கற்களுக்கு நடுவே வண்டிச் சக்கரங்கள் உரசி உரசி விழுந்த பள்ளங்கள், ரொட்டிக் கடையின் மாவுக் கல்லும் அடுப்பும், ஒரு வீட்டு வாசலில் 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதிப் பதித்த நாயின் உருவம். இவற்றைப் பார்த்துத்தான் 'இங்கே நம்மைப் போல ஜனங்கள் இருந்திருக்கிறார்கள்' என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது. அந்தக் கற்களில் இரண்டு தடவையாவது தாண்டிக் குதிக்காமல் எந்தக் குழந்தையும் நகராது, நகரவும் கூடாது. அதே நேரத்தில் வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் திரும்பிவிடுகிறார். மதியம் எரிமலை ஏற வேண்டுமாம்.

மாமல்லபுரத்திலும் இதே கதைதான். அர்ச்சுனன் தபசு என்று சொல்கிற அந்தப் பெரிய பாறையில், யானைகளுக்குக் கீழே, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற ஒரு பூனை இருக்கிறது. அதைச் சுற்றி எலிகள். பிள்ளைகளாகத் தேடிக் கண்டுபிடிக்க விட வேண்டிய விஷயம் அது. ஐந்து ரதங்களில் செதுக்கி முடிக்காமல் விட்ட பகுதிகளைக் காட்டினால், ஒரே பாறையிலிருந்து கோயிலை வெட்டி எடுத்தார்கள் என்பதை வகுப்பில் சொல்வதைவிடத் தெளிவாகப் புரிந்துகொள்வார்கள். இதற்கெல்லாம் நேரம் வேண்டும்.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஜனங்கள் முன்பதிவு செய்கிறார்கள், ஒரே இடம் என்று போட்டால் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள் என்பீர்கள். சரி, அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. ஏதென்ஸில் குன்றின் மேல் பழங்காலக் கோயில்கள் நிற்கிற அக்ரோபொலிஸில் 2023 முதல் நாளுக்கு 20,000 பேர்தான், அதுவும் குறித்த நேரத்துக்குள் நுழைய வேண்டும். பொம்பெயியும் 2024 நவம்பரில் நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்துவிட்டது. முதல் இடத்தில் அரை மணி தாமதமானால் இரண்டாவது இடத்தின் நுழைவு நேரம் தவறிப்போகும். அப்புறம் ஓட்டுநரை யோசியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். அது நம் எல்லோருடைய உயிருக்காகவும் இருக்கிற விதி, அதில் ஒரு நிமிடம்கூடக் குறையக் கூடாது. ஓட்டுகிற தூரத்தைக் குறைத்தால் அந்த ஓய்வும் நாங்கள் சுற்றிப் பார்க்கிற நேரத்திலேயே முடிந்துவிடும். யாரும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

கடை நிறுத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்கள் போன ஒரு பயணத்தில், இடிபாடுகளுக்கு நடுவே நின்ற நேரத்தைவிடக் கைவினைப் பொருள் விற்பனைக் கூடத்தில் நின்ற நேரம் அதிகம். பிள்ளைகள் சிணுங்க, பெரியவர்கள் நாற்காலி தேட, அந்த மதியமே அங்கே போனது. விற்பனைத் தரகு இல்லாமல் கட்டுப்படியாகாது என்றால் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், கொடுக்கிறோம். அந்த நேரத்தை மட்டும் எங்களிடம் திருப்பிக் கொடுங்கள்.

வெயில் அதைவிடப் பெரிய கவலை. திறந்தவெளி இடிபாடுகளில் நிழல் குறைவு. கடும் வெப்பம் காரணமாக அக்ரோபொலிஸையே சமீபத்திய கோடைகளில் மதிய நேரம் மூடியிருக்கிறார்கள். அப்படியிருக்க, பெரிய இடத்தை மதியம் ஒரு மணிக்கு வைப்பதில் என்ன நியாயம்? காலையில் முதல் வேலையாக அங்கே கொண்டுபோய் விடுங்கள். வரலாற்றுக் கதையைப் பேருந்திலேயே, குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிட்டால், இறங்கியதும் வெயிலில் நின்று அரை மணி நேரம் கேட்க வேண்டியிருக்காது. பாதையில் எத்தனை படிகள், தரை வழுக்குமா, சக்கர நாற்காலி போகுமா, கழிப்பறை எங்கே என்பதை முன்பதிவின்போதே எழுதித் தந்தால் முழங்கால் வலி உள்ளவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். அக்ரோபொலிஸில் 2020 முதல் நடக்க முடியாதவர்களுக்குப் புதிய மின்தூக்கி இருக்கிறது. அதை நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அடுத்த பருவத்துக்கான பட்டியலை அச்சிடும் முன் ஒரு திருத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு இடத்தின் பெயருக்கும் பக்கத்தில், வரிசைகளும் நடையும் போக அங்கே உண்மையில் கிடைக்கும் நேரத்தைப் போடுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம் பேருந்துக்குள் இருப்போம் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். கூடவே, ஒரே இடத்துக்கு மட்டும் போய் வரும் பயணம் ஒன்றையாவது சேர்த்துப் பாருங்கள். அதில் முன்பதிவு செய்ய எங்களைப் போன்ற குடும்பங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
குடும்பத்தோடு பயணம் செய்யும் ஒருவர்