அண்ணா, ஒரு கையெழுத்து வேண்டும்

அண்ணா,

போன வாரம் பூத்துவிட்டது. எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் செடியையும் என் செடியையும் கலந்து உண்டாக்கிய ஆர்க்கிட்தான்.

முதலில் விரிந்தது ஏமாற்றம்தான். ஒடுங்கிய இதழ், அழுக்கு ஆரஞ்சு. அடுத்தது விரிந்த அன்று நான் வேலைக்கே போகவில்லை. உங்கள் சிவப்பு ஆர்க்கிட் கோக்சினியாவின் நிறம் அப்படியே இருக்கிறது, உதடு போன்ற இதழில் மட்டும் என் செடியின் மஞ்சள். செடி சுண்டுவிரல் உயரம், பூவும் ஏறக்குறைய அதே அகலம்.

போனை நீங்கள் எடுப்பதில்லை. படம் அனுப்பினால் நீலக்குறி மட்டும் விழுகிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மதினி படிப்பார்கள், நம் கொடைக்கானல் செண்பகனூரில் பாதிப் பேர் படிப்பார்கள். ஆகவே வீட்டுப் பங்கு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும், அது போதும்.

இந்தக் கலப்புக்கு ஒரு பெயரைப் பதியலாம் என்று முடிவு செய்துவிட்டேன். பூத்த பிறகுதான் லண்டன் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியில் பதிய முடியும். அங்கே ஒரு விதி இருக்கிறது. காய் தாங்கிய செடி, மகரந்தம் வைத்த அன்று யாருடையதோ, அவர்தான் அந்தக் கலப்பை உருவாக்கியவர். வைத்த கை யாருடையது என்று கேட்க மாட்டார்கள். ஆக உருவாக்கியவர் நீங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் நான் பதிய முடியாது.

வைத்த கை யாருடையது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நிழல்வலைக்குள் மூடுபனி புகுந்து உங்கள் கண்ணாடி மங்கிப்போன காலை அது. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, பல்குச்சியை என்னிடம் நீட்டி "நீ வை" என்றீர்கள். சின்னப் பூதான் தாயாக இருக்க வேண்டும், சின்னப் பூவின் மகரந்தக் குழாய் பெரிய பூவின் சூலகம் வரை எட்டாமல் போகலாம் என்று அதற்கு முந்தின நாள்தான் பாடம் எடுத்திருந்தீர்கள். கோக்சினியாப் பூவின் நடுத்தூணில் இருந்த மூடியைத் தள்ளி அதன் மகரந்தத்தை முதலில் எடுத்துவிட்டேன். பிறகு என் செடியின் மஞ்சள் மகரந்த உருண்டைகளைக் குச்சி முனையில் ஒட்டி எடுத்தேன். "மூச்சு விடாதே" என்றீர்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்து, உருண்டை கீழே சாக்கில் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் மண்டியிட்டு, டார்ச் அடித்து, கடுகில் பாதிகூட இல்லாததைத் தேடினோம். அப்பா போன பிறகு நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கிடைத்ததை ஊதி, தூணில் மூடிக்குக் கீழே இருந்த பிசுபிசுப்பான குழியில் வைத்தேன். நீங்கள் தேதி எழுதிக் கட்டினீர்கள். அந்தப் பூ இரண்டே நாளில் வாடிவிடும் என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை. எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்து நான் அழுதேன்.

அதற்குப் பிறகு நீங்கள் இல்லை. காய் வெடிப்பதற்குள் அறுத்தது நான். ஆர்க்கிட் விதை வெறும் தூசி, உள்ளே சாப்பாடு கிடையாது. காட்டில் பூஞ்சைதான் அதற்கு ஊட்டும். பூஞ்சை இல்லாமல் சர்க்கரை சேர்த்த அகர் கூழிலேயே முளைக்க வைக்கலாம் என்று 1922-ல் லூயிஸ் நட்சன் காட்டினார். அவர் புண்ணியத்தில் நம் சமையலறையில், சோறு வைக்கிற குக்கரில் ஹார்லிக்ஸ் பாட்டில்களை அவித்து, பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து அதற்குள் கையை விட்டு விதைத்தேன். முக்கால்வாசி பாட்டிலில் பச்சைப் பூசணம். மிஞ்சியதை வருஷக்கணக்கில் மாற்றி மாற்றி நட்டவளும் நான்தான். இதை எல்லாரும் படிக்கட்டும்.

கோக்சினியாவை மதுரைக்கு எடுத்துப் போனீர்கள். உங்கள் செடி, எடுத்துப் போக உரிமை உண்டு. ஆனால் அது பிரேசில் மலைகளில் மேகத்துக்குள் வளர்கிற செடி. நம் மலைக் குளிருக்குப் பழகியதைச் சித்திரை வெயிலில் இறக்கினால் என்ன ஆகும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். சோலையில் மரக்கிளையில் இருந்த ஒபரோனியா என்ற சின்ன ஆர்க்கிட்டை லென்ஸ் வைத்துக் காட்டிவிட்டு, "தொடாதே, அது அங்கேதான் இருக்கணும்" என்று அதட்டியவரும் நீங்கள்தான். அன்று போனில் நான் கத்தியது அதற்காகத்தான், வீட்டுக்காக இல்லை. கத்தியிருக்க வேண்டாம், மன்னித்துவிடுங்கள். செடி செத்த செய்தியை மூன்றாவது மனுஷர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்ததற்கு நீங்களும் ஒரு மன்னிப்பு கேட்கலாம்.

பெயர் விஷயம். தாத்தா பெயர் வேண்டாம் அண்ணா. சுண்டுவிரல் உயரச் செடிக்குத் தன் பெயரா என்று அவரே சண்டைக்கு வருவார். ‘செண்பகனூர்’ என்று வைக்கிறேன். நாம் முதலில் ஆர்க்கிட் பார்த்தது அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் பின்னால்தானே. வைக்கிற பெயர் இந்தக் கலப்பில் முளைத்த எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். சிவப்புக்கும் அதே பெயர், அழுக்கு ஆரஞ்சுக்கும் அதே பெயர். செடிகளை மாற்றிப் போட்டு, என்னுடையதைத் தாயாக்கி இருந்தாலும் பெயர் மாறாது. உருவாக்கியவர் மட்டும் மாறியிருப்பார். அது எனக்கு உறுத்தாமல் இல்லை.

படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உருவாக்கியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை நானே எழுதிவிட்டேன், இனிஷியல் சரியா என்று பாருங்கள். செடி மட்டும் கீழே வராது, கேட்காதீர்கள். சிவப்பு இன்னும் பத்து நாளாவது நிற்கும். பார்க்க வேண்டுமானால் மலை ஏறி வாருங்கள், மதினியையும் கூட்டிக்கொண்டு. வர மனமில்லை என்றால் கையெழுத்தை மட்டுமாவது அனுப்புங்கள். தபால்தலை ஒட்டின கவர் உள்ளேயே இருக்கிறது.